அச்சுக்கோப்பவரின் வேலை ஆய்வாளரின் மேசைக்கு வந்த வரலாறு

1924 ஆம் ஆண்டு ஜூன் 4 ஆம் நாள், டாக்கா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்துவந்த சத்தியேந்திரநாத் போஸ், பெர்லினில் இருந்த ஐன்ஸ்டைனுக்கு ஒரு கடிதம் எழுதினார். பிளாங்க் விதியைப் பழைய மின்காந்தவியலின் துணையின்றி வருவிக்கும் சிறு ஆங்கிலக் கட்டுரை ஒன்றை அதனுடன் இணைத்திருந்தார். தகுதியுடையதெனத் தோன்றினால் ஜெர்மன் இதழொன்றில் வெளிவர உதவ வேண்டும் என்பதே அவருடைய வேண்டுகோள். ஐன்ஸ்டைன் தாமே அதை ஜெர்மனில் பெயர்த்தார். பாராட்டுக் குறிப்பொன்றைச் சேர்த்து 'ட்சைட்ஷ்ரிஃப்ட் ஃபுயூர் ஃபிசீக்' இதழுக்கு அனுப்பினார். அவ்வாண்டே கட்டுரை அச்சேறியது. அதன் பக்க விளிம்பு எவ்வளவு, எழுத்தின் அளவு என்ன, சமன்பாடுகள் வரியின் நடுவில் நிற்கின்றனவா என்று டாக்காவில் இருந்தவரை எவரும் கேட்கவில்லை. அவை அச்சகத்தின் கவலைகள்.

இன்று பொறியியல் ஆய்விதழுக்கோ மாநாட்டுக்கோ கட்டுரை அனுப்பும் ஆய்வு மாணவரின் நிலை வேறு. ஐ-ட்ரிபிள்-இ என்று வழங்கப்படும் மின், மின்னணுப் பொறியாளர் நிறுவனத்தின் மாநாட்டு வார்ப்புருவையே எடுத்துக்கொள்ளலாம். தலைப்புக்கு 24 புள்ளி எழுத்து, உடற்பகுதிக்கு 10, சுருக்கத்துக்கு 9 புள்ளியில் தடித்த எழுத்து, படவிளக்கத்துக்கு 8. அட்டவணையின் தலைப்பு அட்டவணைக்கு மேலே வர வேண்டும். படத்தின் விளக்கம் படத்துக்குக் கீழே வர வேண்டும். அட்டவணைக்கு ரோமன் எண், படத்துக்கு அரபு எண். மேற்கோள் எண்கள் சதுர அடைப்புக்குள், கட்டுரையில் முதலில் தோன்றும் வரிசையில் அமைய வேண்டும். இத்தகைய விதிகளுள் சிலவற்றில் தவறினால், மதிப்பீட்டாளரின் கண்ணில் படுவதற்கு முன்பே கட்டுரை திரும்பிவிடலாம். மூன்றாண்டு உழைப்பின் முடிவு ஒன்று, அதில் சொல்லப்பட்ட செய்திக்காக அன்றி அது உடுத்தியிருக்கும் உடைக்காக வாசலில் நிறுத்தப்படுகிறது.

இந்த விதிகள் எங்கிருந்து வந்தன? அவற்றை நிறைவேற்றும் பொறுப்பு எப்போது ஆய்வாளரின் தலையில் ஏறியது? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை தேடினால் கிடைப்பது, வேலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிய வரலாறு.

கடிதமாக இருந்த கட்டுரை

லண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க், 1665 ஆம் ஆண்டு மார்ச் 6 ஆம் நாள் 'ஃபிலாசஃபிக்கல் டிரான்சாக்ஷன்ஸ்' இதழின் முதல் எண்ணை வெளியிட்டார். ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் அவருக்கு வந்த கடிதங்களே அவ்விதழின் முதன்மையான மூலப்பொருள். கடிதங்களைச் சுருக்குவதும், இலத்தீனிலும் பிரெஞ்சிலும் வந்தவற்றை ஆங்கிலத்தில் பெயர்ப்பதும், எதை எங்கே வைப்பது என்று முடிவு செய்வதும் ஓல்டன்பர்க்கின் வேலை. ஒளியும் நிறமும் பற்றி 1672 இல் நியூட்டன் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரைகூட ஓல்டன்பர்க்குக்கு எழுதிய கடிதமாகவே அதில் அச்சானது.

அக்காலத்தில் எழுதுபவருக்கும் பக்கத்துக்கும் நடுவே குறைந்தது இரண்டு பேர் நின்றனர். ஒருவர் பதிப்பாசிரியர், மற்றவர் எழுத்துப் பெட்டியின் முன் நின்று ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்த அச்சுக்கோப்பவர். எழுத்தின் அளவு, வரியின் நீளம், தலைப்பின் இடம் ஆகிய அனைத்தும் இந்த இரண்டாமவரின் கைத்திறனுக்கு உட்பட்டவை. அச்சகத்துக்கு அச்சகம் மரபு மாறும். ஓர் இதழுக்குள் மாறாது. எழுதுபவர் அதை அறிந்திருக்க வேண்டிய தேவை இல்லை.

பொறியாளர்களின் சங்கங்களும் இந்த முறையையே பின்பற்றின. லண்டனில் குடிசார் பொறியாளர் நிறுவனம் 1818 இல் தோன்றியது. அமெரிக்க மின்பொறியாளர் நிறுவனம் 1884 இல் தோன்றியது. இத்தகைய சங்கங்களில் கட்டுரை முதலில் உறுப்பினர் கூட்டத்தில் வாசிக்கப்படும். அதன்மீது விவாதம் நடக்கும். பின்னரே கட்டுரையும் விவாதமும் சேர்ந்து அச்சுக்குப் போகும். பாலத்தின் குறுக்குவெட்டையோ எந்திரத்தின் உட்புறத்தையோ பொறியாளர் தம் கையால் வரைந்து கொடுத்தால் போதும். அதை அச்சுக்கேற்ற தட்டாகச் செதுக்கும் கலைஞர் வேறொருவர் இருந்தார்.

அபராதப் படி

அச்சுக்கோப்பவருக்குக் கணிதம் எப்போதும் தொல்லைதான். சாதாரண உரைநடை ஒரே கோட்டில் ஓடும். சமன்பாடோ மேலும் கீழும் ஏறி இறங்கும்: அடுக்குக்குறி மேலே, கீழொட்டு கீழே, பின்னத்துக்கு நடுவில் ஒரு கோடு, தொகைக் குறிக்கு இரு முனையிலும் எல்லைகள். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மோனோடைப் எந்திரம், விசைப்பலகையில் துளையிட்ட காகித நாடாவைக் கொண்டு எழுத்துகளைத் தனித்தனியே வார்த்துக் கொடுத்தது. ஆயினும் சிக்கலான சமன்பாட்டின் உறுப்புகளைக் கையால்தான் அடுக்க வேண்டியிருந்தது. அதனால் கணிதம் மிகுந்த கையெழுத்துப்படிக்கு அச்சகங்கள் கூடுதல் கூலி வாங்கின. ஆங்கில அச்சுத்தொழிலில் அதற்கு 'அபராதப் படி' என்றே பெயர் வழங்கியது.

எழுதுபவர்மேல் அச்சகம் வைத்த முதல் கோரிக்கைகள் இந்த இடத்தில் பிறந்தன. இரண்டு மாடிப் பின்னத்தைச் சாய்கோடிட்டு ஒரே வரியில் எழுதினால் அச்சுக்கோப்பவரின் வேலை பாதியாகும். கேம்பிரிட்ஜின் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1880 இல் தம் கட்டுரைத் தொகுப்பின் முதல் தொகுதியை வெளியிட்டபோது, அச்சுவசதியைக் கருதி இந்தச் சாய்கோட்டை எடுத்தாண்டு அதற்கு ஆதரவு தேடினார். ஈ என்னும் மாறிலியின் தலைமேல் நீண்ட கோவையை ஏற்றுவதற்கு மாறாக, 'எக்ஸ்ப்' என்று எழுதி அடைப்புக்குள் கோவையை இடும் வழக்கத்துக்கும் இதே நன்மை உண்டு. ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழக அச்சகம் 1954 இல் வெளியிட்ட 'கணிதத்தை அச்சிடுதல்' என்னும் நூல், அச்சகத்தின் கஷ்டங்களைக் கணிதருக்கு விளக்குவதற்கென்றே எழுதப்பட்டது.

ஈய எழுத்துகள் அருங்காட்சியகத்துக்குச் சென்று பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் இன்றைய ஐ-ட்ரிபிள்-இ வார்ப்புருவைத் திறந்தால், சமன்பாட்டைச் சுருக்கமாக்கச் சாய்கோட்டையோ எக்ஸ்ப் சார்பையோ பயன்படுத்தலாம் என்னும் அறிவுரை அதே பொருளில் நிற்கிறது. கணினிக்குப் பின்னம் எத்தனை மாடி இருந்தாலும் கூலி ஒன்றுதான். ஒடுங்கிய பத்திக்குள் சமன்பாட்டை அடக்க அந்த அறிவுரை இன்றும் உதவுகிறது என்பது உண்மையே. எனினும், அதன் பின்னால் விரல் நுனியில் ஈயக் கறை படிந்த ஒரு தொழிலாளியின் சிரமம் இருந்ததை அதை வாசிக்கும் மாணவர் அறிவதில்லை.

செய்தித்தாளின் எழுத்து

பொறியியல் இதழ்களின் இரட்டைப் பத்தி அமைப்புக்கும் இத்தகைய காரணம் உண்டு. சிறிய எழுத்தில் அகன்ற பக்கம் முழுவதும் ஒரே வரி ஓடினால், வரியின் முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும் கண் வழிதவறும். எழுத்தைப் பெரிதாக்கினால் காகிதம் வீணாகும். பக்கத்தை இரண்டாகப் பிளந்தால் சிறிய எழுத்தையும் சிரமமின்றிப் படிக்கலாம். ஒரே பக்கத்தில் நிறையச் செய்தியையும் அடைக்கலாம். ஐ-ட்ரிபிள்-இ இதழ்களில் ஒற்றைப் பத்திப் படத்தின் அகலம் மூன்றரை அங்குலம். கட்டுரைக்குரிய வரைபடங்கள் எல்லாம் இந்த ஒற்றை அளவுக்குப் பணிந்து நடக்கின்றன.

அப்பத்தியில் நிற்கும் எழுத்துருவின் பிறப்பும் பொருத்தமானதே. லண்டனின் 'டைம்ஸ்' நாளிதழுக்காக ஸ்டான்லி மோரிசனின் மேற்பார்வையில் விக்டர் லார்டென்ட் வரைந்த டைம்ஸ் நியூ ரோமன், 1932 ஆம் ஆண்டு அக்டோபர் 3 ஆம் நாள் அந்த நாளிதழில் முதன்முதலாக அச்சேறியது. செய்தித்தாளின் ஒடுங்கிய பத்தியில் கூடுதல் சொற்களைத் தெளிவு குன்றாமல் அடைப்பதே அதன் நோக்கம். அந்தச் சிக்கனமே அதை ஆய்விதழ்ப் பத்திகளுக்கும் ஏற்றதாக்கியது.

காகிதச் சிக்கனத்தின் இன்னொரு எச்சம், மேற்கோள் பட்டியலில் இதழ்களின் பெயரைக் குறுக்கி எழுதும் வழக்கம். 'டிரான்சாக்ஷன்ஸ்' என்பது 'டிரான்ஸ்.' ஆகும், 'ப்ரொசீடிங்ஸ்' என்பது 'ப்ரொ.' என்று குறையும். எந்தச் சொல்லை எப்படிக் குறுக்குவது என்பதற்குப் பன்னாட்டுத் தரநிலையே உண்டு; அதன் எண் ஐ.எஸ்.ஓ. 4. நூற்றுக்கணக்கான மேற்கோள்களை அச்சில் ஏற்றியபோது இதனால் மிஞ்சிய இடம் உண்மையான பணம். கட்டுரை திரையில் மட்டும் வாசிக்கப்படும் இன்றும், முழுப்பெயராகக் கிடைக்கும் தரவைக் குறுக்கி எழுதும் வேலையில் மாணவர் ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுகிறார். அந்தக் குறுக்கத்தைப் படிக்கும் கணினி, அதை மீண்டும் முழுப்பெயரோடு பொருத்த முயல்கிறது.

நீலக் கோடுகள்

மேற்கண்ட விதிகள் எல்லாம் அச்சகத்தின் உள்விதிகளாக இருந்தவரை ஆய்வாளருக்குப் பாரமில்லை. அவை வெளியே வந்து அவர் மேசையில் அமர்ந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில்தான். ஆய்வின் அளவு பெருகியது, மாநாடுகள் பெருகின, மாநாட்டுக்கு வருவோரின் கையில் தொகுப்பு நூல் உடனே இருக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பும் பெருகியது. ஈய எழுத்தில் கோத்து, மெய்ப்புப் பார்த்து, திருத்தி அச்சிட நேரமும் பணமும் போதவில்லை. அப்போது ஆஃப்செட் அச்சு ஒரு குறுக்குவழியைக் காட்டியது. தட்டச்சு செய்த தாளை அப்படியே படம்பிடித்து, அந்தப் படத்திலிருந்து அச்சுத் தட்டைச் செய்துவிடலாம். அச்சுக்கோப்பவரே தேவையில்லை.

அதாவது, அச்சுக்கோப்பவரின் இடத்தில் கட்டுரையாளர் அமர்த்தப்பட்டார். 'கேமரா-ரெடி' என்று இன்றும் மாநாட்டு அறிவிப்புகளில் வழங்கும் சொல் அப்போது வேரூன்றியது. மாநாட்டு அமைப்பாளர்கள் தனிவகைத் தாள்களைக் கட்டுரையாளருக்கு அஞ்சலில் அனுப்புவார்கள். அத்தாள்களில் விளிம்பும் பத்தியும் வெளிர்நீலக் கோடுகளால் குறிக்கப்பட்டிருக்கும். அந்த நீலம் கேமராவின் படச்சுருளில் பதியாது. எனவே அச்சில் தெரியாது. கோட்டைத் தாண்டாமல் தட்டச்சு செய்ய வேண்டும். சிறிதாக்கிப் படமெடுக்கும்போது எழுத்து சிதையாதபடி நாடா புதிதாக இருக்க வேண்டும். பிழையை வெள்ளை மை பூசி மறைக்க வேண்டும். 1961 இல் ஐ.பி.எம். வெளியிட்ட செலக்ட்ரிக் தட்டச்சுப்பொறியில் பந்து வடிவான எழுத்துமுனையைக் கழற்றி மாற்றலாம் என்பதால், கிரேக்க எழுத்துகளுக்கும் கணிதக் குறிகளுக்கும் ஓரளவு வழி பிறந்தது. அதுவும் வாய்க்காத துறைகளில் கிரேக்க எழுத்துகளைப் பேனாவால் எழுதிச் சேர்த்தனர்.

இந்த மாற்றத்தின் உழைப்புக் கணக்கில் ஆய்வாளரின் பெயர் மட்டும் இல்லை. துறை அலுவலகத்தின் தட்டச்சாளர்கள் அதில் பெரும்பங்கு சுமந்தனர். ஒரு மேற்கோளை நடுவில் சேர்த்தால் பின்னுள்ள எண்கள் எல்லாம் மாறும். எண்கள் மாறினால் பக்கங்களை மீண்டும் அடிக்க வேண்டும். அந்த உழைப்புக்குக் கட்டுரையின் இறுதியில் ஒரு வரி நன்றி கிடைத்தால் அதுவே பெரிது.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளில் இன்றும் நிலவும் அகன்ற வரி இடைவெளி இக்காலத்தின் பழக்கமே. திருத்துபவரின் பேனாவுக்கு இரண்டு வரிகளுக்கு நடுவே இடம் வேண்டும் என்பதற்காகத் தட்டச்சுப் படியில் ஒரு வரி விடப்பட்டது. திருத்தங்கள் திரையின் ஓரத்தில் குறிப்புகளாக மாறிய பிறகும் இடைவெளி குறையவில்லை; அதன் பெயர் மட்டும் 'விதி' என்று ஆகிவிட்டது.

குனூத்தின் மெய்ப்பு

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் கணினியறிஞர் டொனால்ட் குனூத், 'கணினி நிரலாக்கக் கலை' என்னும் தம் நூல்வரிசையின் முதல் தொகுதியை 1968 இல் வெளியிட்டபோது அது மோனோடைப் எந்திரத்தில் ஈய எழுத்தால் கோக்கப்பட்டது. இரண்டாம் தொகுதியின் மறுபதிப்புக்கான மெய்ப்பு 1977 இல் அவர் கைக்கு வந்தபோது காலம் மாறியிருந்தது. ஈயம் போய் ஒளி அச்சுக்கோப்பு வந்திருந்தது. மெய்ப்பைப் பார்த்த குனூத்தின் மனம் சுருங்கியது. பழைய அச்சின் அழகில் பாதிகூட அதில் இல்லை.

பக்கம் என்பது மை விழும் புள்ளிகளும் விழாத புள்ளிகளும் மட்டுமே எனில், அது கணினிக்குரிய சிக்கல் என்று அவர் முடிவு செய்தார். அம்முடிவிலிருந்து பிறந்தது 'டெக்' என்னும் அச்சுக்கோப்பு மென்பொருள். விரைவில் முடித்துவிடலாம் என்று எண்ணித் தொடங்கிய வேலை ஏறத்தாழப் பத்தாண்டுகளை எடுத்துக்கொண்டது. பழைய அச்சுக்கோப்பவர்கள் கணிதத்தை எப்படி அடுக்கினார்கள் என்பதை நல்ல அச்சுப் பக்கங்களிலிருந்து அளந்து கற்று, அந்த அறிவை நிரலாக மாற்றினார். பெயரின்றி மறைந்த கைத்தொழிலாளர்களின் அறிவுக்குக் கிடைத்த அரிய நினைவுச்சின்னம் அந்த மென்பொருள் என்று சொல்லலாம். அதை அவர் எவருக்கும் இலவசமாகவே கொடுத்தார்.

1980களின் தொடக்கத்தில் லெஸ்லி லாம்போர்ட் அதன்மேல் 'லேடெக்' என்னும் அடுக்கைக் கட்டினார். அதன் கையேடு 1986 இல் நூலாக வந்தது. லேடெக்கின் அடிப்படைக் கொள்கை எளியது. எழுதுபவர் 'இது தலைப்பு', 'இது பிரிவு', 'இது மேற்கோள்' என்று பொருளை மட்டும் குறித்தால் போதும். அது எப்படித் தோன்ற வேண்டும் என்பதை வார்ப்புருவை வடிவமைத்தவர் பார்த்துக்கொள்வார். 1985 இல் ஓரன் படாஷ்னிக் உருவாக்கிய பிப்டெக், மேற்கோள் எண்களைத் தானே வரிசைப்படுத்தித் தட்டச்சாளர் காலத்துத் துன்பத்தைத் துடைத்தது.

கொள்கையளவில் இது ஆய்வாளரின் விடுதலை. தோற்றத்தைப் பற்றிய கவலையை மீண்டும் வல்லுநரிடம் ஒப்படைத்து, எழுதுபவரை எழுத்துக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு. நடைமுறையில் நிகழ்ந்தது அதன் மறுபக்கமும்கூட. பக்கத்தை முழுமையாக அமைக்கும் கருவி ஒவ்வொரு மேசையிலும் வந்துவிட்டதால், அதை அமைக்கும் கடமையும் ஒவ்வொரு மேசைக்கும் வந்தது. அச்சகம் செய்ய இயலாததை ஆய்வாளர் செய்யலாம் என்பது, ஆய்வாளர் செய்தே ஆக வேண்டும் என்று சில ஆண்டுகளில் திரிந்தது. கருவி தந்த வசதியும் விதி தந்த சுமையும் ஒரே கோப்பில் வந்து சேர்ந்தன.

1993 இல் அடோபி நிறுவனம் பி.டி.எஃப். வடிவத்தை வெளியிட்டபின் நீலக் கோட்டுத் தாளும் மறைந்தது. ஆனால் நீலக் கோட்டின் காவல் மறையவில்லை. ஐ-ட்ரிபிள்-இ மாநாடுகளுக்கான 'பி.டி.எஃப். எக்ஸ்பிரஸ்' போன்ற தளங்களில், எழுத்துரு கோப்புக்குள் பொதிந்திருக்கிறதா என்பது போன்றவற்றை மென்பொருளே சோதித்துக் கோப்பை ஏற்கிறது அல்லது மறுக்கிறது. சில இதழ்களில் பக்க வரம்பைத் தாண்டினால் கட்டணமும் உண்டு. அபராதப் படியின் அபராதத்தை இப்போது கட்டுவது எழுதுபவர்.

பெயருக்கான கட்டம்

வடிவ விதிகள் எல்லாம் அளவையும் எழுத்தையும் மட்டும் தொடுபவை அல்ல. அவற்றுள் ஒன்று மனிதரின் பெயரைத் தொடுகிறது. 1924 ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஆசிரியர் பெயர் 'போஸ்' என்று மட்டுமே அச்சாகியிருந்தது. ஊரும் பல்கலைக்கழகமும் அடைப்புக்குறிக்குள் இருந்தன. வங்காளத்தவருக்குக் குடும்பப் பெயர் உண்டு என்பதால் அது பொருந்தியது. தென்னிந்தியர் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. தந்தையின் பெயரோ ஊரின் பெயரோ முதலெழுத்தாகக் குறுகி முன்னே நிற்கும். இயற்பெயர் பின்னே வரும்.

ஐ-ட்ரிபிள்-இ முறையில் மேற்கோள் பட்டியலில் முதற்பெயர் முதலெழுத்தாகக் குறுக்கப்படும்; கடைசிப் பெயர் முழுதாக நிற்கும். 'எஸ். குமார்' என்று எழுதினால் இடர் இல்லை. ஆனால் பள்ளிச் சான்றிதழில் உள்ளவாறு 'குமார் எஸ்.' என்று எழுதிவிட்டால், கடைசியாக நிற்கும் 'எஸ்.' என்பதையே பிப்டெக் குடும்பப் பெயராகக் கொள்ளும். 'குமார்' முதற்பெயர் ஆகி 'கே.' என்று குறுகும். முடிவில் அச்சாவது 'கே. எஸ்.' என்னும் இரண்டு எழுத்துகள். அந்த ஆய்வாளரின் பெயர் அவருடைய கட்டுரையை மேற்கோள் காட்டுவோரின் பட்டியலிலிருந்து முழுவதுமாக மறைந்துவிடுகிறது. இணையப் படிவத்தின் கட்டாயத்தால் முதலெழுத்தை விரித்துத் தந்தையின் பெயரைக் கடைசியில் எழுதுபவருக்கோ, அவர் செய்த ஆய்வு தந்தையின் பெயரால் அறியப்படும் நிலை வாய்க்கிறது. ஒரே நபர் மூன்று கட்டுரைகளில் மூன்று பெயர்களோடு நிற்பதும், வேறுவேறு நபர்கள் ஒரே சுருக்கப் பெயரில் ஒன்றாகிவிடுவதும் இதன் தொடர்விளைவுகள். 2012 இல் தொடங்கிய ஆர்கிட் எண், பெயருக்குப் பதிலாக ஓர் அடையாள எண்ணைத் தந்து இச்சிக்கலை ஓரளவு தணித்தது. பெயரைத் தாங்க இயலாத கட்டத்துக்கு மருந்தாக எண் வந்தது.

விளிம்பு அரை அங்குலம் தவறினால் கட்டுரை திரும்பி வரும், திருத்தி அனுப்பலாம். பெயர் தவறினால் கட்டுரை திரும்பி வருவதில்லை. தவறோடு நிலைத்துவிடுகிறது.

இருமுறை கட்டப்படும் பக்கம்

வடிவமைப்புக்குச் செலவாகும் நேரத்தை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 2019 இல் 'பிளாஸ் ஒன்' இதழில் வெளிவந்தது. 41 நாடுகளைச் சேர்ந்த 372 பேரின் விடைகள் அதில் தொகுக்கப்பட்டன. ஒரு கட்டுரையை வடிவமைக்க 14 மணி நேரம், ஓராண்டில் ஒருவருக்கு 52 மணி நேரம் என்பவை அதில் கிடைத்த இடைநிலை மதிப்புகள். ஒரு வாரத்துக்கும் மேற்பட்ட அலுவலக நேரம் இது. கட்டுரை ஓரிதழில் மறுக்கப்பட்டு இன்னோரிதழுக்குப் போகும்போது, உள்ளடக்கத்தில் ஒரு சொல் மாறாவிட்டாலும் உடை மட்டும் முழுவதும் மாற்றப்பட வேண்டியிருக்கிறது.

இதில் பலரும் அறியாத ஒரு திருப்பம் உண்டு. மாநாட்டுத் தொகுப்புகளில் ஆய்வாளர் அமைத்த பக்கமே பெரும்பாலும் வெளியாகிறது. ஆனால் பெரிய ஆய்விதழ்களில், கட்டுரை ஏற்கப்பட்டபின் ஆய்வாளர் அரும்பாடுபட்டு அமைத்த பக்கம் பெரும்பாலும் பிரிக்கப்பட்டுவிடுகிறது. அதிலுள்ள உரையும் சமன்பாடும் மேற்கோளும் எக்ஸ்.எம்.எல். என்னும் குறியீட்டு வடிவத்துக்கு மாற்றப்பட்டு, பக்கம் மறுபடியும் புதிதாகக் கட்டப்படுகிறது. 20 ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளிலிருந்து அந்தப் பணியில் பெரும்பகுதி இந்தியாவுக்கு வந்தது. சென்னை, புதுச்சேரி, பெங்களூர், திருவனந்தபுரம் ஆகிய நகரங்களின் அலுவலகங்களில் உலகின் ஆய்விதழ்ப் பக்கங்கள் கோக்கப்படுகின்றன. டெக் பயனர் குழுவின் ஆண்டு மாநாடு 2002 இல் திருவனந்தபுரத்தில் நடந்ததும், எல்செவியர் இதழ்களுக்கு எழுதுவோர் அன்றாடம் பயன்படுத்தும் 'எல்சார்ட்டிகல்' வார்ப்புருவை அந்நகரத்தைச் சேர்ந்த சி. வி. ராதாகிருஷ்ணன் உருவாக்கியதும் இந்தத் தொழில் இங்கே ஊன்றிய வேரின் ஆழத்தைக் காட்டுகின்றன.

ஆக, அச்சுக்கோப்பவர் மறைந்துவிடவில்லை. எழுத்துப் பெட்டி கணினித்திரையாக மாறியிருக்கிறது. லண்டன் தெருவிலிருந்த அச்சகம் புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. வேலை அவர் கையிலும் இருக்கிறது. ஆய்வாளரின் கையிலும் இருக்கிறது. ஒரே பக்கம் இருமுறை கட்டப்படுகிறது. கான்பூரிலோ திருச்சியிலோ ஓர் ஆய்வு மாணவி இரவு முழுவதும் விழித்துச் சரிசெய்த பத்தி இடைவெளியை, சில மாதங்கள் கழித்துச் சென்னையில் ஓர் இளைஞர் முதல் வேலையாக நீக்குகிறார். இருவரும் ஒருவரையொருவர் அறியார். முதல் உழைப்புக்குக் கூலி கிடையாது. இரண்டாவதற்குப் பக்கக் கணக்கில் கூலி.

எந்த விதியும் வேண்டாம் என்பது இவ்வரலாறு தரும் பாடம் ஆகாது. வரைபடத்தின் அச்சுகளில் அலகு எழுதப்பட வேண்டும். படத்தைப் பத்தி அகலத்துக்குச் சுருக்கியபின்னும் எழுத்து வாசிக்கத் தக்கதாக இருக்க வேண்டும். மேற்கோளைக் கொண்டு மூலத்தைக் கண்டடைய முடிய வேண்டும். இவை வாசிப்பவருக்காக உள்ளவை. இவற்றில் ஆய்வாளர் காட்டும் கவனம் ஆய்வின் பகுதியே. இதழ்ப்பெயரின் குறுக்கம், முதல் அனுப்புகையிலேயே கேட்கப்படும் பத்தி அகலம், குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கும் கட்டம் ஆகியவை வேறு வகை. அவற்றின் காரணம் காகிதத்தோடும் ஈயத்தோடும், ஒரு நாட்டின் பெயர் மரபோடும் தொடர்புடையது. இவ்விரு வகையையும் பிரித்துப் பார்க்கப் பதிப்பகங்களே தொடங்கியிருக்கின்றன. எல்செவியர் உள்ளிட்ட சில பதிப்பகங்களின் பல இதழ்கள், முதல் அனுப்புகையில் எந்த வடிவத்திலும் கட்டுரையை ஏற்கின்றன. ஏற்பு உறுதியாகும் நிலையில்தான் வடிவத்தைக் கேட்கின்றன.

இந்தியத் துறைகளுக்கும் இதில் செய்ய வேண்டியது உண்டு. ஆய்வு முறையியல் வகுப்பில் வடிவ விதிகள் இன்று மனப்பாடப் பட்டியலாகக் கற்பிக்கப்படுகின்றன. எந்த விதி யாருடைய வசதிக்காக, எந்தக் கருவியின் காலத்தில் பிறந்தது என்பதையும் சேர்த்துக் கற்பித்தால், மாணவர் எதற்குப் பணிவது, எதைக் கேள்வி கேட்பது என்பதை அறிவர். துறைகளும் கல்லூரிகளும் நடத்தும் இதழ்கள் அயல்நாட்டு வார்ப்புருவைப் படியெடுக்கும்போது, குறைந்தபட்சம் ஆசிரியர் பெயருக்கான கட்டத்தையாவது இந்நாட்டுப் பெயர்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். அதற்குச் செலவு எதுவும் இல்லை. 'பட்டியலில் என் பெயர் எப்படி நிற்க வேண்டும்' என்று ஆய்வாளரே எழுதுவதற்கு ஒரு வரி இடம் விட்டால் போதும்.